படம் காட்டுவது வேறு, படம் போடுவது வேறு: ‘சாக் டாக்’ என்றால் என்ன?

“முதல் நாள் ஸ்லைடுகளுடன் கருத்தரங்க உரை, மறுநாள் 45 நிமிடம் சாக் டாக், அதில் ஸ்லைடு கூடாது” என்று பேராசிரியர் பணிக்கான நேர்முக அழைப்பில் எழுதியிருக்கிறார்கள். வகுப்பில் பாடம் நடத்துவது போல நடத்திவிட்டு வந்தால் போதும் என்று தோழிகள் சொல்கிறார்கள். அது சரிதானா, சேலம் அம்மாப்பேட்டையில் தறி ஓட்டும் அப்பா கேட்டால் தமிழில் என்னவென்று சொல்வது? இதுதானே அம்மா, உங்கள் கேள்வி. தோழிகள் சொன்னதை முதலில் மறந்துவிடுங்கள். அப்படி நினைத்துக்கொண்டு போனால் பத்தாவது நிமிடத்தில் திணறிப்போவீர்கள்.

உயிரியல் பரீட்சை எழுதியவர்கள் எல்லாருக்கும் மனப்பாடமான ஒரு வரி உண்டு: “படம் வரைந்து பாகங்களைக் குறி.” அதையே நாலு பேர் முன்னால் நின்று, கையும் வாயும் ஒன்றாக ஓட, கேட்பவர் குறுக்கே பேசவும் இடம் விட்டுச் செய்தால் அதற்குப் பெயர் சாக் டாக். பலகை தொடக்கத்தில் வெறுமையாக இருக்க வேண்டும். பேச்சு முடியும்போதுதான் படமும் முடிய வேண்டும், அல்லது முடியாமலே நிற்க வேண்டும். முன்கூட்டியே வரைந்து கொண்டுவந்த அட்டையை மாட்டிவிட்டுக் குச்சியால் சுட்டிப் பேசுவது சாக் டாக் ஆகாது. அது படம் காட்டுவது. இது படம் போடுவது.

இந்த வேறுபாட்டை நான் அவமானப்பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஓர் ஆசிரியர் கூட்டத்தில் விலங்கியல் மாதிரி வகுப்பு எடுக்கச் சொன்னார்கள். முந்தின நாள் மாலையே போய்த் தவளையின் இதயத்தை ஐந்து வண்ணங்களில் கரும்பலகையில் வரைந்து, அதன் மேல் வேட்டித் துணியைப் போட்டு மூடி வைத்தேன். மறுநாள் துணியை இழுத்ததும் கூட்டமே “ஆகா” என்றது. அதற்குப் பிறகு இருபது நிமிடம் பேசினேன். ஒரு கேள்வி வரவில்லை. முடிந்து வெளியே வந்தபோது ஒரு மூத்த ஆசிரியர் தோளில் கை வைத்து, “நன்றாகப் படம் காட்டினீர்கள், தம்பி. ஆனால் போடவில்லையே” என்றார். முகம் சுருங்கிப்போய்விட்டது.

அடுத்த ஆண்டு அதே இதயத்தை வகுப்பில் வெறும் வெள்ளைச் சாக்பீஸால், பேசிக்கொண்டே வரைந்தேன். வலது ஆரிக்கிள், அதாவது மேலறை, அதில் உடலிலிருந்து வரும் ரத்தம். இடது ஆரிக்கிள், அதில் நுரையீரலிலிருந்து வரும் ரத்தம். கீழே ஒரே ஒரு வென்ட்ரிக்கிள், அதாவது கீழறை. இரண்டு அம்புக்குறிகளும் அந்த ஒரே அறைக்குள் இறங்கிய நொடியில் மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு பையன், “ஐயா, நல்ல ரத்தமும் கெட்ட ரத்தமும் கலந்துவிடாதா?” என்றான். தவளையின் இதயத்தைப் பற்றிக் கேட்கத் தகுந்த கேள்வியே அதுதான். வண்ணப் படத்திலும் அதே அறைகள்தான் இருந்தன, அதே அம்புகள்தான் இருந்தன. ஆனால் எல்லாம் ஒரே வீச்சில் கண்ணில் விழுந்ததால் எது எதன் மேல் போய் முட்டுகிறது என்று யாருக்கும் தெரியவில்லை.

பெயர்க் குழப்பம் ஒன்றும் இருக்கிறது. உங்கள் தோழிகள் அதில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். ‘சாக் அண்ட் டாக்’ என்று வேறொரு சொல் உண்டு. நடுவில் ஓர் ‘அண்ட்’ மட்டும் கூடுதல், ஆனால் பொருள் ஏறக்குறைய எதிர். ஆசிரியர் எழுதிப் போடுவார், பிள்ளைகள் பார்த்து எழுதிக்கொள்வார்கள், மணி அடிக்கும். அந்த வகைப் பாடத்தைக் குறைத்துச் சொல்லும் சொல் அது. கல்வியியல் படித்தவர்கள் மூக்கைச் சுளித்துக்கொண்டுதான் அதை உச்சரிப்பார்கள். என் பணிக்காலத்தில் பாதிக்கு மேல் நான் செய்ததும் அதுதான் என்பதால், மூக்கைச் சுளிக்கும் உரிமை எனக்கு இல்லை. 120 பேர் உட்கார்ந்த வகுப்பில் வேறென்ன செய்வது? எப்படியானாலும் உங்களை அழைத்திருப்பது ‘அண்ட்’ இல்லாத பேச்சுக்கு.

சொல் அமெரிக்காவில் பிறந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், நியூயார்க் மாநிலத்தின் ஷடாக்வா ஏரிக்கரையில் ஞாயிறுப் பள்ளி ஆசிரியர்களுக்காக 1874இல் ஒரு கோடைக்காலப் பயிற்சி முகாம் தொடங்கினார்கள். ஃபிராங்க் பியர்ட் என்ற கேலிச்சித்திரக்காரர் அங்கே வேதாகமக் கதைகளைப் பலகையில் வரைந்துகொண்டே சொல்லிப் பெயர் வாங்கினார். பிறகு அது கேளிக்கை மேடைக்கு ஏறியது. இங்கிலாந்தில் அதையே ‘மின்னல் சித்திரம்’ என்ற பொருள்படும் பெயரால் அழைத்தார்கள். வின்சர் மெக்கே என்ற செய்தித்தாள் ஓவியர் 1906இல் மேடையேறி, இரண்டு முகங்களை வரைந்து, அழித்தும் சேர்த்தும் அவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக முதுமை வரை கொண்டுபோய்க் காட்டினார். அதே ஆண்டில், மேடையில் இப்படி வரைந்து பழகிய ஸ்டூவர்ட் பிளாக்டன், கரும்பலகை முகங்களைச் சிறிது சிறிதாக மாற்றிப் படம்பிடித்து ஒரு சிறு திரைப்படம் எடுத்தார். அதில் சாக்பீஸ் மனிதர் சுருட்டுப் புகையை எதிரே இருக்கும் பெண்ணின் முகத்தில் ஊதுவார். அசைபடத்தின் தொடக்கங்களில் ஒன்றாக அதைச் சொல்கிறார்கள். மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டுடியோ இருந்த சேலத்துக்காரர்களான நாம், கார்ட்டூன் படத்துக்குச் சாக்பீஸ் தாய்வழிச் சொந்தம் என்பதைக் கொஞ்சம் ரசிக்கலாம்.

பிறகு சொல் பல துறைகளுக்குள் போய்விட்டது. மதுப்பழக்கத்திலிருந்து மீண்ட ஜோசப் மார்ட்டின் என்ற கத்தோலிக்கப் பாதிரியார், குடிநோய் பற்றிக் கரும்பலகை முன் நின்று ஆற்றிய உரையை அமெரிக்கக் கடற்படை 1972இல் படமாக்கியது. அங்கே பலருக்கு இன்றும் இந்தச் சொல்லைக் கேட்டால் அவர்தான் நினைவுக்கு வருவார். விளையாட்டுப் பயிற்சியாளர் ஆட்டத்துக்கு முன் வட்டமும் பெருக்கல் குறியும் போட்டு யார் எங்கே ஓட வேண்டும் என்று சொல்வதும் சாக் டாக்தான். மருத்துவமனை வார்டில் மூத்த மருத்துவர் பயிற்சி மருத்துவர்களைச் சுற்றி நிற்கவைத்து, பலகையில் பத்து நிமிடம் சிறுநீரகத்தை விளக்குவதும் அதுவே. அமேசானின் மேகக்கணினி மாநாட்டில் சிறிய கூட்டத்துக்கு வெண்பலகையில் வரைந்து பேசும் அமர்வுகளுக்கு அதிகாரப்பூர்வமாகவே இந்தப் பெயர். அங்கே சாக்பீஸ் தேடினாலும் கிடைக்காது.

சாக்பீஸ் இல்லாத சாக் டாக் என்பதில் நமக்கு வியப்பு வரக்கூடாது. படிப்பதற்காகக் கருப்பூருக்குப் பஸ்ஸில் போய்வந்தவர் நீங்கள். வழியில் வெளுத்துக் கிடக்கும் மேடுகளைப் பார்த்திருப்பீர்கள். சேர்வராயன் மலையடிவாரத்து அந்த நிலத்துக்கு ஆங்கிலேயர் ‘சாக் ஹில்ஸ்’ என்று பெயர் வைத்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் சாக் போலத்தான் வெளுப்பாக இருக்கும். உண்மையான சாக் கால்சியம் கார்பனேட். நம் ஊர் வெள்ளைக்கல் மக்னீசியம் கார்பனேட், அதாவது மேக்னசைட். எழுதுவதற்கு அல்ல, இரும்பு உலையின் உட்சுவரில் அடுக்கும் தீச்செங்கல்லுக்குத்தான் அது போகிறது. ஓமலூர் தடத்தில் ஒரு ரயில் நிலையத்துக்கே மேக்னசைட் சந்திப்பு என்று பெயர். இன்னொரு வேடிக்கை, வகுப்பில் நாம் எழுதும் சாக்பீஸும் பெரும்பாலும் சாக் அல்ல, ஜிப்சத்தில் செய்தது. சாக் இல்லாத சாக் மலையின் அடியில் படித்துவிட்டு, சாக் இல்லாத சாக்பீஸால் எழுதிப் பழகி, மார்க்கர் பேனாவால் சாக் டாக் பேசப் போகிறீர்கள். சொற்கள் அப்படித்தான், பொருள் கைமாறிய பிறகும் பழைய சட்டையைக் கழற்றுவதில்லை.

இதெல்லாம் வெளியூர்ச் சரக்கு என்று நினைத்துவிடவும் வேண்டாம். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலைப் பரப்பி விரலால் எழுதியவர்கள் நாம். சென்னை எழும்பூரில் ஆதரவற்ற ராணுவச் சிறுவர்களுக்கான இல்லத்தை 1789 முதல் நடத்திய ஆண்ட்ரூ பெல் பாதிரியார், நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைப் பார்த்துத் தம் பள்ளியிலும் அதைக் கொண்டுவந்தார். 1797இல் தம் பள்ளியின் முறையைப் பற்றி லண்டனில் நூலும் வெளியிட்டார். பிள்ளைகளே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் அந்த மெட்ராஸ் முறையோடு மணல் எழுத்தும் கடல் கடந்தது. கும்பகோணத்தில் ராமானுஜன் சிலேட்டில் கணக்குப் போட்டு முழங்கையால் அழித்தழித்து, விடையை மட்டும் நோட்டில் எழுதினார் என்பது ஊரறிந்த கதை. சிலேட்டில் போட்டதை யாராவது பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருந்தால் உலகத்தின் மிகச் சிறந்த சாக் டாக்குகள் அவையாகத்தான் இருந்திருக்கும். நோட்டில் விடை மட்டும் நின்றதால்தான் கணித அறிஞர்கள் பல பத்தாண்டுகள் நிரூபணம் தேடினார்கள்.

நான் கேட்டதிலேயே சிறந்தது எது என்றால், ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்தில் கேட்டதைச் சொல்வேன். கருத்தரங்க மண்டபம் இல்லை. காபி உலர்த்தும் சிமெண்ட் களம். காபிச் செடியைக் குடையும் தண்டு துளைப்பான் என்ற வண்டு பற்றி விளக்க ஓர் அலுவலர் வந்திருந்தார். முப்பது பேர் இருப்பார்கள், பாதிக்கு மேல் தோட்டத்தில் வேலை செய்யும் பெண்கள். படம் காட்டக் கொண்டுவந்த கருவிக்கு மின்சாரம் இல்லை. அவர் அலட்டிக்கொள்ளவில்லை. பையிலிருந்து ஒரு சாக்பீஸை எடுத்து, குந்தி உட்கார்ந்து, களத்தின் தரையிலேயே இரண்டு நெட்டைக் கோடுகள் இழுத்தார். “இது செடியின் தண்டு.” அதன் மேல் சின்னச் சின்ன வெட்டுகள். “இவை பட்டையில் இருக்கும் வெடிப்புகள். வண்டு இதில்தான் முட்டையிடும்.” பிறகு உள்ளே வளைந்து வளைந்து ஒரு கோடு. “புழு இப்படித்தான் குடைந்துகொண்டு போகும். வெளியே தண்டில் தடிப்புத் தடிப்பாகத் தெரியும், தடவிப் பார்த்தால் கையில் தட்டும்.” கோட்டின் ஓரத்தில் ஏப்ரல், மே என்று எழுதினார். சற்றுத் தள்ளி அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. வண்டு பறக்கும் காலங்கள் அவை இரண்டும்.

அதுவரைக்கும் பாடம். அதற்குப் பிறகுதான் அது சாக் டாக் ஆனது. “எந்தச் செடியில் முட்டையிடும் என்று நினைக்கிறீர்கள்?” என்று கேட்டுவிட்டுச் சும்மா இருந்தார். கொஞ்ச நேரம் யாரும் வாய் திறக்கவில்லை. பின்வரிசையில் இருந்த ஓர் அம்மாள் எழுந்து வந்து, “குடுங்க சார்” என்று சாக்பீஸை வாங்கினார். அலுவலர் போட்ட தண்டுக்குப் பக்கத்தில் உயரமாக ஒரு சில்வர் ஓக் மரம் போட்டார். அதன் ஒரு பக்கத்துக் கிளைகளைக் கையால் தேய்த்து அழித்தார். போன ஆண்டு கிளை கழித்த பக்கம் அது. அந்தப் பக்கம் வெயில் விழும் செடிகள்தான் முதலில் போயின என்றார். அலுவலர் தலையை ஆட்டிக்கொண்டே அந்த வெயிலை நாலு கோடுகளாக வரைந்தார். அராபிகா வகைக் காபிச் செடிக்கு நிழல் குறைந்தால் இந்த வண்டுக்குக் கொண்டாட்டம் என்பதை அவர் சொல்லித்தான் தீர வேண்டும் என்ற நிலை இல்லாமல் போய்விட்டது. அது அந்தத் தரையிலேயே இருந்தது. மாலையில் மழை வந்து எல்லாவற்றையும் கழுவிக்கொண்டு போனது. படத்தை யாரும் கைபேசியில் பிடிக்கவில்லை, பிடித்திருந்தாலும் புரிந்திருக்காது. இரண்டு பேர் கிறுக்கிய தரை என்றுதான் தெரிந்திருக்கும்.

இதை உங்கள் நேர்முகத்துக்குக் கொண்டுவருகிறேன். முதல் நாள் உரை நீங்கள் இதுவரை செய்த வேலையைப் பற்றியது. அதற்கு ஸ்லைடு இருக்கிறது, கூட்டம் இருக்கிறது, கைதட்டல் இருக்கிறது. மறுநாள் கதவைச் சாத்திவிட்டுத் துறைப் பேராசிரியர்கள் மட்டும் உட்காருவார்கள். இனி என்ன செய்யப் போகிறீர்கள் என்பதைப் பற்றிய பேச்சு அது. ஐந்தாண்டில் எந்தக் கேள்விக்கு விடை தேடுவீர்கள், முதல் சோதனை தோற்றால் அடுத்து எங்கே திரும்புவீர்கள், பணத்துக்கு எங்கே விண்ணப்பிப்பீர்கள், முதல் மாணவருக்கு எந்தப் பகுதியைக் கொடுப்பீர்கள். இப்படித்தான் கேட்பார்கள். நீங்கள் மூன்றாவது கோடு இழுக்கும்போதே ஒருவர் குறுக்கிடுவார். அதைத் தடங்கல் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், அதற்காகத்தான் ஸ்லைடு வேண்டாம் என்றார்கள். ஸ்லைடின் வரிசை ஏற்கெனவே முடிவாகிவிட்டது. பலகையின் வரிசையை அவர்கள் கேள்வி மாற்ற முடியும். மாறும்போது நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று பார்ப்பதே அவர்கள் நோக்கம்.

ஆகவே 45 நிமிடத்துக்கு 45 நிமிடச் சரக்கு வேண்டாம். இருபது நிமிடத்துக்குத் தயார் செய்யுங்கள், மிச்சத்தை அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். பலகையின் இடது ஓரத்தில் உங்கள் மூலக் கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதி, கடைசி வரை அதை அழிக்காமல் விடுங்கள். பேச்சு எங்கே இழுத்துக்கொண்டு போனாலும் திரும்பிவர ஒரு முளைக்குச்சி அது. நடுப்பகுதி வரைந்து அழிப்பதற்கு. வலது ஓரத்தில், உடனே விடை சொல்ல முடியாத கேள்விகளைக் கேட்டவர் சொன்ன சொற்களிலேயே எழுதி வையுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லி எழுதிக்கொள்பவரைப் பார்த்து யாரும் முகம் சுளிப்பதில்லை.

கைவேலை பற்றியும் கொஞ்சம். சாக்பீஸ் என்றால் இரண்டாக உடைத்துச் சாய்த்துப் பிடியுங்கள். செங்குத்தாகப் பிடித்தால் கிறீச்சிட்டுப் பல் கூசும். கரும்பலகையில் சிவப்பும் நீலமும் கடைசி வரிசைக்குத் தெரியாது, மஞ்சள் பளிச்சென்று தெரியும். வெண்பலகையில் தலைகீழ், மஞ்சளைத் தொடவே வேண்டாம். டஸ்டரை மேலிருந்து கீழாக இழுங்கள், பக்கவாட்டில் தேய்த்தால் தூள் முகத்துக்கு வரும். நாங்கள் படித்த காலத்தில் ஊமத்தை இலையையும் அடுப்புக்கரியையும் அரைத்துப் பலகைக்குப் பூசுவோம். வெள்ளிக்கிழமை பூசினால் திங்கள்கிழமை எழுத்து முத்து முத்தாக விழும். ஜப்பானில் 1932இல் தொடங்கிய ஹகோரோமோ என்ற சாக்பீஸ் நிறுவனம் 2015இல் மூடப்போகிறது என்றதும் கணிதப் பேராசிரியர்கள் பெட்டி பெட்டியாக வாங்கிப் பதுக்கினார்கள். இப்போது அதைக் கொரியாவில் செய்கிறார்கள். ஊமத்தை பூசிய கைகளுக்கு அந்தப் பைத்தியம் புரியும்.

இனி தமிழ்ச் சொல். அப்படியே ‘சாக் டாக்’ என்று எழுதுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, ஆனால் ‘சாக்கு’ என்று நீட்டிவிடாதீர்கள். சாக்குப் பேச்சு நம் ஊரில் வேறு சரக்கு, அதற்குப் பலகை தேவையில்லை. ‘கரும்பலகை உரை’ என்று சிலர் எழுதுகிறார்கள். உரை என்றதும் ஒருவர் பேச மற்றவர் கேட்பதாகத் தோன்றிவிடுகிறது, பலகையும் இப்போது கருப்பாக இல்லை. ‘பலகைப் பேச்சு’ பரவாயில்லை, சட்டென்று புரியும். எனக்குப் பிடித்தது ‘வரைபேச்சு’. வரைபடம், ஊறுகாய் போல வினைத்தொகை. வரைந்த பேச்சு, வரைகின்ற பேச்சு, வரையும் பேச்சு என்று மூன்று காலத்துக்கும் பொருந்தும். படம் முடிந்துபோகாமல் நடந்துகொண்டே இருக்கிறது என்ற குறிப்பு சொல்லுக்குள்ளேயே வந்துவிடுகிறது. ‘வரை’ என்றால் பழந்தமிழில் மலை என்றும் பொருள், அது சேர்வராயன் மலைக்காரனான எனக்குக் கிடைத்த கொசுறு. ‘சாக் டாக் கொடுத்தார்’ என்று மட்டும் எழுத வேண்டாம். பேச்சைத் தமிழில் யாரும் கொடுப்பதில்லை, வாக்கைத்தான் கொடுப்பார்கள். பலகையில் வரைந்து பேசினார் என்றால் போதும்.

அப்பாவிடம் இந்த இலக்கணம் எதுவும் சொல்ல வேண்டாம். புது பார்டருக்கு டிசைன் பேச வருபவரிடம் கட்டம் போட்ட தாளில் கோடு இழுத்துக்கொண்டே, “இங்கே இரண்டு இழை கூட்டினால் பூ எழும்பும்” என்று அவர் விளக்குவாரே, அதைத்தான் நான் வடக்கே போய்ச் செய்யப்போகிறேன் என்று சொல்லுங்கள். கிளம்புவதற்கு முன் ஒரு மாலை, தறி நின்ற பிறகு, அவரையும் அம்மாவையும் உட்காரவைத்து, சுவரில் ஒரு பழைய காலண்டரின் பின்பக்கத்தை ஒட்டி முழுப் பேச்சையும் பேசிப் பாருங்கள். அப்பா குறுக்கே கேள்வி கேட்டால் பதில் சொல்லுங்கள். கேட்காமல் தலையை மட்டும் ஆட்டினால், நீங்கள் படம் காட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். கோட்டைக் குறைத்துக்கொண்டு முதலிலிருந்து தொடங்குங்கள்.

மார்க்கர் பேனா இரண்டு வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள், ஒன்று கருப்பு, ஒன்று நீலம். அங்கே பலகை ஓரத்தில் இருப்பது எப்போதும் காய்ந்துதான் கிடக்கும்.